இறகு விரியவில்லையா? சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளையில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளை என்பது பூச்சி மாதிரித் தெரியும்படி தூண்டில் முள்ளில் மென்மையான இறகைச் சுற்றிக் கட்டும் போலி இரை. அதைக் கட்ட முள், பட்டு நூல், சின்ன இறகு மூன்றும் போதும். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் வார்ஃப், நிட், யூர் ஆறுகளிலும், ஸ்காட்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்றிலும் டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கட்டி வருகிறார்கள். அங்கே இதை ஸ்பைடர் என்பார்கள். 1970-களில் சில்வெஸ்டர் நீம்ஸ் அமெரிக்காவில் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு சாஃப்ட் ஹேக்கிள் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது.

பொருள் குறைவு என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் பொருள் குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு சுற்றும் கணக்கில் வருகிறது. இறகை ஒரே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாலும் தண்ணீருக்குள் அது வேறு ஃப்ளை. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் காய்ந்து நிற்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் கீழே உள்ள எந்தக் கோளாறைத் தேடுவதற்கு முன்னும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளையை மெல்லிய நைலானில் கட்டி தண்ணீருக்குள் விட்டு, இரண்டு விரலால் உள்ளேயே லேசாகப் பிழியுங்கள். இறகுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறிவிடும். பிறகு நைலானைப் பிடித்து ஒரு அங்குலம் மேலே இழுத்து, நிறுத்துங்கள். இழுக்கும்போது இழைகள் பின்னால் மடிய வேண்டும். நிறுத்தியதும் குடை மாதிரி மெல்ல விரிய வேண்டும். நாலைந்து முறை இழுத்து நிறுத்திப் பாருங்கள். மடிந்தது விரியவே இல்லையென்றால் முதல் கோளாறு. இழுத்தாலும் மடியாமல் விறைத்து நின்றால் இரண்டாவது. இரண்டும் இல்லையென்றால் கட்டியதில் பெரிய குறை இல்லை, எறிவதில்தான் தேட வேண்டும்.

தண்ணீரில் இறகு உடம்போடு ஒட்டிக்கொள்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். காயும்போது அழகாக விரிந்திருக்கும். நனைந்ததும் இழைகள் எல்லாம் நூல் உடம்பின் மேல் படிந்து, வால் முளைத்த குச்சியாகிவிடும்.

முதலில் இறகு எந்தப் பக்கம் திரும்பிச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இறகுக்குப் பளபளப்பான மேற்பக்கமும் மங்கலான குழிந்த உட்பக்கமும் உண்டு. மேற்பக்கம் நைலான் கட்டும் துளையான முள்ளின் கண்ணைப் பார்த்தும், குழிந்த பக்கம் முள்ளின் வளைவைப் பார்த்தும் இருந்தால் இழைகள் இயல்பாகப் பின்னால் சாயும். இதில் தவறில்லை, பெரும்பாலோர் இப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் சாய்ந்த இழைகளின் மேல் கடைசியில் நூலை ஏற்றிச் சுற்றியிருந்தால் சாய்வு படிவாக மாறிவிடும். தலைக்கான நூல் இறகின் முன்னால் மட்டுமே இருக்க வேண்டும். இழைகளின் அடி மீது ஏறவே கூடாது.

அது சரியாக இருந்தும் ஒட்டிக்கொண்டால், இறகுக்கு முட்டுக் கொடுக்க எதுவும் இல்லை என்று அர்த்தம். வெறும் நூல் உடம்பு மெலிதாக இருப்பதால் இழை சாய்ந்தால் தடுக்க ஆளில்லை. இறகு கட்டுவதற்கு முன், அந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், முயல் ரோமத்தைக் கிள்ளி நூலில் முறுக்கி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கடுகளவு உருண்டை வந்தால் போதும். இழைகள் அதன் மேல் சாய்ந்து நிற்கும், ஓட்டம் தளர்ந்ததும் தாமாக விரியும். கௌதாரி போன்ற பார்ட்ரிட்ஜ் பறவையின் இறகில் கட்டும் ஃப்ளைகளுக்கு நான் எப்போதும் இந்த உருண்டை வைப்பேன். பழைய யார்க்‌ஷயர் பட்டியல்களில் பல ஃப்ளைகளுக்கு இது கிடையாது. அவர்கள் ஓட்டத்துக்கு எதிராக எறிந்து தளர்வாக மிதந்து வரவிட்டார்கள், அங்கே இது அவ்வளவு தேவைப்படாது. ஓட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, தூண்டில் கயிறான லைனை இறுக்கி வளைய விடுகிறவருக்குத்தான் இது அவசியம்.

மூன்றாவது காரணம் இறகும் ஆறும் பொருந்தாதது. வேகமான, கல் நிறைந்த ஓட்டத்துக்கு மிக மென்மையான பெட்டைக்கோழி இறகைக் கட்டினால் எந்த முட்டும் அதை நிறுத்தாது. அங்கே கொஞ்சம் விறைப்பான இழை வேண்டும். மெதுவான மடுவில் நேர் எதிர்: எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது. பெட்டியில் ஒரே ஃப்ளையை இரண்டு வித இறகில் கட்டி வைத்திருந்தால், ஆற்றங்கரையில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.

இறகு அடர்ந்து விறைத்து நிற்கிறது

சுற்று அதிகமாகிவிட்டது. இறகுக்கு இரண்டு சுற்றே போதும், ஒன்றரையும் போதும். மூன்றாவது சுற்று வந்தாலே இழைகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கும். அதோடு ஃப்ளை மூழ்கவும் தாமதமாகும்.

கட்டி முடித்த ஃப்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊசியால் இழைகளைப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அடியோடு பிடுங்குங்கள். கத்தரிக்கோலால் நுனியை வெட்டாதீர்கள். வெட்டிய இழைக்கு மெலிந்த நுனி இருக்காது, தண்ணீரில் அது அசையாது. அடுத்த முறை கட்டும்போது இறகின் ஒரு பக்க இழைகளை முழுதும் உரித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு இழை வெளியே நின்றால் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமைதான் வேண்டும்.

சின்ன முள்ளுக்கு இறகு நீளமாக இருக்கிறது

இழை எவ்வளவு நீளம் இருக்கலாம்? பின்னால் மடக்கிப் பிடித்தால் நுனி முள்ளின் வளைவைத் தொட வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினால் பரவாயில்லை. முள்ளின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு போனால், மீன் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போகும்.

முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியது என்பது தெரிந்ததுதான். பன்னிரண்டு, பதினாலு எண் முள்ளுக்குப் பார்ட்ரிட்ஜின் முதுகு இறகும் கழுத்து இறகும் சரியாக அமையும். பதினாறுக்குப் போனதும் பெரும்பாலான இறகு நீளமாகிவிடும். முழுத்தோல் வாங்கினாலும் பதினாறுக்குப் பொருந்தும் இறகு கழுத்தின் மேல்புறத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும். அவற்றை முதலிலேயே பிரித்து உறையில் போட்டு வைப்பது நல்லது.

நீளமான இறகையும் பயன்படுத்த வழி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு இழைகளை நுனிகள் சமமாக இருக்கும்படி சேர்த்துப் பிடித்து, காம்பிலிருந்து உரித்தெடுங்கள். நுனிகள் முள்ளின் கண்ணுக்கு முன்னால் நீட்டியிருக்க, வேண்டிய நீளத்தை அளந்து, நூலைத் தளர்வாக இரண்டு சுற்றுப் போட்டு, விரலால் உருட்டி முள்ளைச் சுற்றிலும் பரப்பி இறுக்குங்கள். அடிப்பகுதியை வெட்டிவிட்டு உடம்பைக் கட்டி, கடைசியில் இழைகளைப் பின்னால் மடக்கி, முன்னால் நூல் கொண்டு நிறுத்துங்கள். சுற்றிய இறகின் உயிர்ப்பு இதில் முழுதாக வராது, ஆனாலும் மீன் பிடிக்கும்.

பதினாறு, பதினெட்டு எண்ணுக்கு ஸ்டார்லிங் இறகே சிறந்தது. நம் மைனாவின் குடும்பம். கழுத்தில் இருக்கும் கருமையான சின்ன இறகு, ஒளி பட்டால் பச்சையும் ஊதாவுமாக மின்னும். எடின்பரோ வழக்கறிஞர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-ல் எழுதிப் புகழ்பெறச் செய்த பிளாக் ஸ்பைடர், இந்த இறகும் பழுப்புப் பட்டு நூலும் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் இருந்து கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கௌதாரி, உள்ளான், நீர்க்கோழி எல்லாம் இங்கேயும் இருக்கின்றனவே என்று இறகுக்காக அவற்றைப் பிடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தேவையும் இல்லை. நாட்டுப் பெட்டைக்கோழியின் கழுத்து இறகு, முதுகு இறகு இரண்டும் அருமையான சாஃப்ட் ஹேக்கிள். சேவல் இறகு வேண்டாம், அது விறைப்பு. கினிக்கோழியின் உடம்பில் இருக்கும் சின்னப் புள்ளி இறகு பார்ட்ரிட்ஜின் புள்ளிக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். கோழி அடிக்கும் கடையில் கேட்டால் பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று வேண்டிய நிறமெல்லாம் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றும்போது காம்பு அறுந்துவிடுகிறது

இறகை நுனியால் கட்டினீர்களா, அடியால் கட்டினீர்களா என்பதைப் பொறுத்தது. நுனியால் கட்டினால் காம்பு மெல்லியது, சுற்று நெருக்கமாக விழும், தலை சின்னதாக வரும். ஆனால் சீக்கிரம் அறும். அடியால் கட்டினால் உறுதி, ஆனால் தடித்த காம்பு தலையைப் பெருக்கும். பார்ட்ரிட்ஜை நுனியாலும், ஸ்டார்லிங் போன்ற நலிந்த இறகை அடியாலும் கட்டுவது என் வழக்கம்.

பழைய தோலில் இருக்கும் காம்பு காய்ந்து நொறுங்கும். ஈரத்துணிக்குள் சிறிது நேரம் சுற்றி வைத்தால் வளைந்து கொடுக்கும். இறகைப் பிடிக்கும் ஹேக்கிள் பிளையரைக் காம்பின் கடைசி நுனியில் பிடிக்காமல் சற்று உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அதை இழுக்க வேண்டாம், அதன் எடையே இழுத்துக்கொள்ளும்.

தலை பெருத்து, கண் அடைபட்டுவிடுகிறது

நூலை எங்கே தொடங்கினீர்கள் என்பதில் இருக்கிறது. கண்ணை ஒட்டித் தொடங்காமல், ஒரு கண் அளவு இடம் விட்டுத் தொடங்குங்கள். இறகுக் காம்பை வெட்டிய பிறகு மூன்று சுற்று, அதன் மேல் மூன்று சுற்று விப் ஃபினிஷ் முடிச்சு, முடிந்தது. வார்னிஷை ஊசி நுனியில் எடுத்து வையுங்கள். தூரிகையால் வைத்தால் இறகின் அடிக்கும் ஓடும், கண்ணையும் அடைக்கும். அடைத்துவிட்டால் காய்வதற்கு முன் உதிரி இறகின் காம்பைக் கண்ணுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள்.

உடம்பு தடித்தும் மேடு பள்ளமாகவும் வருகிறது

சுற்றச் சுற்ற நூல் முறுக்கேறிக் கயிறாகிறது. நூல்கண்டைப் பிடிக்கும் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றினால் முறுக்கு அவிழ்ந்து நூல் தட்டையாகும். இது வலக்கைக்காரர் கணக்கு, இடக்கைக்காரருக்கு நேர் எதிர். பட்டு உடம்பை முள் முனைக்கு நேர் மேலே நிறுத்திவிடுங்கள், வளைவு வரை இழுக்காதீர்கள். யார்க்‌ஷயர் ஃப்ளைகளின் உடம்பு குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: உடம்பு குட்டையானால் இறகுதான் எடுத்துத் தெரியும்.

உடம்பில் ரோமம் சேர்க்கும் ஃப்ளை என்றால் இன்னும் கவனம். வாட்டர்ஹென் ப்ளோவா என்ற ஃப்ளையின் உடம்பு மஞ்சள் பட்டின் மேல் அகழெலியின் சாம்பல் ரோமம். ரோமம் எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்றால், நூலில் தடவிய பிறகு ரோமம் இருக்கிறதா என்றே சந்தேகம் வர வேண்டும். உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே தெரிவதுதான் அந்த ஃப்ளையின் முழுக் காரியமும். சாம்பல் மட்டும் தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

நனைந்ததும் நிறம் மாறிவிடுகிறது

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் கட்டிப் பார்த்தால் இது நேரடியாகத் தெரியும். வைஸில் பளீரென்ற ஆரஞ்சு. டம்ளரில் விட்ட நொடியில் பட்டு கண்ணாடித்தன்மை பெற்று, உள்ளிருக்கும் முள்ளின் கருமை மேலே எழும். ஆரஞ்சு போய்ச் செம்பழுப்பு வரும், அடிவயிற்றில் மட்டும் கொஞ்சம் தீக்கங்கு நிறம் தங்கும். பட்டு நூலுக்கே உரிய குணம் இது. பாலியெஸ்டர் நூலில் இந்த அளவுக்கு வராது.

இதைக் கோளாறு என்று எழுதினாலும், என்னைக் கேட்டால் பெரும்பாலும் இதைச் சரிசெய்ய வேண்டாம் என்பேன். உள்ளிருந்து ஒளிரும் அந்த மங்கலான செம்பழுப்பு, பூச்சியின் உடம்புக்கு மிக நெருக்கம். அந்த ஃப்ளை இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் காரணம்.

ஆனால் பார்ட்ரிட்ஜ் அண்ட் எல்லோவில் நிலைமை வேறு. மஞ்சள் கறுத்துப் பாசி நிறமாகிவிட்டால் அந்த ஃப்ளை செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. வழிகள் மூன்று. முள்ளின் மேல் முதலில் மெல்லிய வெள்ளை நூலை ஒரு அடுக்குச் சுற்றி, அதன் மேல் மஞ்சள் பட்டைச் சுற்றலாம். வெள்ளி நிற முள்ளில் கட்டலாம். மெழுகைக் குறைக்கலாம்: நூலில் மெழுகு தடவினாலே நிறம் ஒரு படி இறங்கும், அதுவும் கறுத்த மெழுகானால் இன்னும் இறங்கும். மஞ்சள் பட்டில் கறுத்த மெழுகைத் தேய்த்து ஆலிவ் நிறம் வரவழைப்பது பழைய ஆட்களின் உத்தி. உடம்பின் மேல் வார்னிஷ் பூசினாலும் நிறம் நிரந்தரமாகக் கறுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நூல் வாங்கும்போதும் இதை நினைவில் வைத்து, துண்டு நூலை முள்ளில் சுற்றி நனைத்துப் பார்த்துவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மீனுக்குள் பிரிந்து போகிறது

டிரவுட்டின் பல் கூர்மையானது, இறகுக் காம்பு அதன் முன் நிற்காது. ஸ்டூவர்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: இறகையும் நூலையும் சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாகச் சுற்றினார். காம்பைச் சுற்றிலும் நூல் ஓடுவதால் ஒரு இடத்தில் அறுந்தாலும் இறகு அவிழாது. இறகு முன்னால் மட்டும் நிற்காமல் உடம்பின் முன்பாதி வரை பரவியும் வரும். அது வேண்டாம் என்றால், இறகைச் சுற்றி முடித்தபின் நூலை இழைகளுக்கு நடுவே இடவலமாக ஆட்டி ஆட்டி முன்னால் கொண்டுவாருங்கள். இழைகளை அழுத்தாமல் காம்பை மட்டும் கட்டிப்போடும்.

மயில் தோகை இழையால் உடம்பு கட்டினால் அதுதான் முதலில் போகும். இரண்டு மூன்று இழையை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள், அல்லது மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் மேலே ஓட்டுங்கள். தோகையைப் பொறுத்தவரை, மயில் தானாக உதிர்த்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளை மூழ்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போகிறது

புதிய ஃப்ளையில் காற்றும் கை எண்ணெயும் இருக்கும். முதல் எறிக்கு முன் தண்ணீருக்குள் பிழிந்துவிடுங்கள். கரைச் சேற்றைத் தொட்டு லைன் நுனியில் கட்டிய மெல்லிய நைலானான லீடரின் கடைசி முழத்தைத் தேய்த்தால் எண்ணெய்ப்பசை போகும். இவ்வளவுக்குப் பிறகும் மிதந்தால் இறகு அதிகம், அல்லது முள் மெல்லிய கம்பி. நீர்ப்பரப்பை ஒட்டியே வர வேண்டிய ஃப்ளைக்கு மெல்லிய முள்ளும், ஆழம் வேண்டிய ஃப்ளைக்குத் தடித்த முள்ளும் என்று கட்டும்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

மீன் எழும்புகிறது, ஆனால் என் ஃப்ளையைத் தொடுவதே இல்லை

பெட்டியை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன், எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். மூக்கு வெளியே வந்து, வளையத்துக்கு நடுவே குமிழி மிதந்தால், மேலே மிதக்கும் பூச்சியை உறிஞ்சுகிறது. காற்றும் சேர்ந்து உள்ளே போவதால்தான் குமிழி. அப்போது நீர்ப்பரப்பில் மிதக்கும் உலர் ஃப்ளை போட வேண்டியதுதான். மூக்கு தெரியாமல் முதுகும் வால் நுனியும் மட்டும் தெரிந்தாலோ, தண்ணீர் உப்பி அடங்கினாலோ, பரப்புக்குக் கீழே சில அங்குலத்தில் சாப்பிடுகிறது. மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவமான நிம்ஃபும், கேடிஸ் என்ற நீர்ப்பூச்சியின் கூட்டுப்புழுவும் அடியிலிருந்து மேலே வரும் நேரம் அது. சாஃப்ட் ஹேக்கிள் இதற்கென்றே பிறந்தது.

அடுத்தது வேகம். ஆற்றுக்குக் குறுக்கே, ஓட்டத்தோடு சாய்வாக எறிந்ததும் நடுஆற்று நீர் லைனை வில்லாக வளைத்து இழுக்கும். ஃப்ளை அந்த வில்லின் கடைசியில் மாட்டிக்கொண்டு, எந்தப் பூச்சியும் நீந்தாத வேகத்தில் குறுக்கே ஓடும். லைன் தண்ணீரில் விழுந்த உடனே, வளைவைத் தூண்டில் கம்பான ராடின் நுனியால் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போடுங்கள். இதுதான் மெண்ட். ஃப்ளை இடம் நகராமல் லைன் மட்டும் புரள வேண்டும். மறுபடி வளைந்தால் மறுபடி போடுங்கள். பிறகு ராடை ஃப்ளையோடு மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். குறிப்பிட்ட ஃப்ளைதான் மீன் மாட்டக் காரணம் என்று நினைப்பதில் பாதிக்கு மேல் இந்த வேகம்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மீன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இன்னொரு வழி உண்டு. பென்சில்வேனியாக்காரர் ஜேம்ஸ் லீசன்ரிங் பெயரால் வழங்குவது. மீனுக்கு நல்ல தூரம் முன்னால், ஓட்டம் வரும் பக்கமாக எறிந்து, ஃப்ளையை ஆழத்துக்கு இறங்க விட்டு, ராடால் பின்தொடருங்கள். மீனுக்கு ஓரிரு அடி முன்னால் வந்ததும் ராடை நிறுத்துங்கள். லைன் இறுகி, ஓட்டமே ஃப்ளையை மேலே தூக்கும். இறகு அந்த இடத்தில்தான் விரிந்து மடியும். கையால் இழுக்க வேண்டியதே இல்லை.

இவ்வளவும் சரியென்றால் இப்போது ஃப்ளையை மாற்றலாம். யார்க்‌ஷயர்ப் பக்கத்துக் கணக்கு இது. மார்ச், ஏப்ரலில் குளிர் விலகாத பகல்களில் லார்ஜ் டார்க் ஆலிவ் பூச்சி வெளிவரும், அதற்கு வாட்டர்ஹென் ப்ளோவா. இலையுதிர் காலத்தில் ஆலிவ் திரும்பும்போதும் அதுவே. காற்றும் தூறலுமான நாளில் கருநீலச் சின்னப் பூச்சி அயர்ன் புளூ மிதந்தால் ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்: ஊதாப் பட்டின் மேல் உள்ளானின் கரும்பழுப்புச் சிறகிறகு. மே, ஜூனில் வெளிர்ப் பூச்சிகளுக்குப் பார்ட்ரிட்ஜ் அண்ட் எல்லோ. கொசு அளவுக் கறுப்புப் பூச்சிக்கும் கரையிலிருந்து விழும் வண்டுக்கும் ஸ்டார்லிங் இறகும் மயில் தோகை உடம்பும். என்ன பறக்கிறது என்றே தெரியவில்லை என்றால் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், பதினாலு எண். கல் ஈ, கேடிஸ், பழுப்பு மேஃப்ளை என்று எதையும் ஏறக்குறைய ஒத்துப்போகும். நிறத்தை மாற்றுவதற்கு முன் ஒரு எண் சின்னதைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

நீலகிரியிலும் மூணாறிலும் பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட்டின் வம்சம் இருக்கிறது. மேலே சொன்ன மாதக்கணக்கு அங்கே செல்லாது, பூச்சிகளும் வேறு. கரையோரக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் நிம்ஃபின் அளவையும் நிறத்தையும் பார்த்துக் கட்டுவதுதான் அங்கே வழி. எறிவதற்கு முன் உரிய துறையின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொத்துகிறது, மாட்டவில்லை

ஃப்ளை ஓட்டத்தின் போக்கில் உங்களுக்கு நேர் கீழே போய், லைன் விறைத்துத் தொங்கும்போதுதான் இது நடக்கும். டிரவுட் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. லைன் விறைத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும், ஃப்ளை போகாது. கைக்கு ஒரு சுண்டல் தெரியும், அவ்வளவுதான்.

ராடை ஃப்ளையின் நேருக்கு நீட்டாமல் சற்று உயர்த்திப் பிடியுங்கள். ராடு நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் தொய்வாக இருக்க வேண்டும். அந்தத் தொய்வு மீன் உறிஞ்சும்போது இடம் கொடுக்கும். காற்று அடிக்கும் நாளில் ஒரு சாண் லைனை விரலுக்கடியில் வளையமாக வைத்துக்கொண்டு, சுண்டியதும் விட்டுவிடுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். மீன் திரும்பும்போது முள் தானாக வாயோரத்தில் ஏறும், அப்போது ராடை நிதானமாகத் தூக்கினால் போதும்.

ஓட்டத்துக்கு எதிராக எறிகிறவருக்கு இந்தப் பிரச்சினை வராது. அவர் பின்னால் இருந்து இழுப்பதால் முள் வாய்க்குள் ஏறுகிறது. அவர் கவனிக்க வேண்டியது வேறு: கைக்கு எதுவும் தெரியாது, லைன் நுனி நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே தூக்க வேண்டும்.

முள் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கீறாமல் வழுக்கினால் தீட்டுங்கள். முள் முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவதால் முள் எளிதாக ஏறும், மீனையும் காயமில்லாமல் விடலாம்.

மூன்று ஃப்ளை கட்டினால் சிக்கிக்கொள்கிறது

லீடரிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து ஃப்ளையைத் தாங்கும் கிளை நூலான டிராப்பரின் நீளம்தான் காரணம். நான்கு விரற்கிடைக்கு மேல் வேண்டாம். ஃப்ளைகளுக்கு நடுவே ஒரு கஜ இடைவெளி விடுங்கள், எடை கூடிய ஃப்ளையைக் கடைசியில் கட்டுங்கள். எறியும்போது பின்வீச்சில் லைன் முழுதும் விரிய நேரம் கொடுத்து, அகலமாக எறியுங்கள். பலத்த காற்று என்றால் ஒரே ஃப்ளையோடு நில்லுங்கள். பழகும் வரையிலும் அப்படித்தான்.

பெட்டியில் இறகு நசுங்கி ஒரு பக்கமாகப் படிந்துவிட்டது

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது ஃப்ளையை இடுக்கியில் பிடித்து ஆவியில் சில நொடி காட்டுங்கள், இழைகள் நிமிர்ந்துவிடும். காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஆற்றிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து வைத்துவிடுவது நல்லது. ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடிக்கும், துரு பட்டிலும் ஏறும்.